லோச் மீன் மேல் ரவை போல வெள்ளைப் புள்ளி, ஒன்று மெலிகிறது, ஒன்றின் பின்னால் சிவப்பு நூல்: எதை முதலில் பார்ப்பது?

தாம்வே_தொட்டி

வணக்கம். ரங்கூன், தாம்வே. 90 × 45 × 50 சென்டிமீட்டர் தொட்டி, 200 லிட்டர் என்று சொல்லித் தந்தது. பதினைந்து கேலக்ஸி (சின்ன ராஸ்போரா மீன்) ஒரு வருடமாக நன்றாக இருந்தன. எட்டு குபோத்தாய் லோச் (அடியில் மேயும் மீன்) பத்து நாளைக்கு முன் வந்தன. தனியே வைக்காமல் நேராக இதிலேயே விட்டாகிவிட்டது, திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நாலு நாளாக லோச் எல்லாம் மணலில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடுகின்றன. நேற்றிலிருந்து வாலிலும் துடுப்பிலும் ரவை ஒட்டியது மாதிரி புள்ளி. மூன்று கேலக்ஸி மேலும் அதே புள்ளி. இரண்டு லோச் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தை விட்டு நகராமல் வேகவேகமாக மூச்சு விடுகின்றன. ஒன்றுக்குத் தலை மட்டும் பெரிதாக, வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி இருக்கிறது. அது வந்த நாளிலேயே அப்படித்தான். இன்னொன்றின் பின்துவாரத்தில் சிவப்பு நூல் போல இரண்டு. அசையாமல் நின்றால் வெளியே தெரிகிறது, நீந்தினால் உள்ளே போய்விடுகிறது.

தண்ணீர் குழாய்க்கிணறு, கொஞ்சம் துரு வாடை. விடியக்காலை 21 டிகிரி, மத்தியானம் 27. ஹீட்டர் இருக்கிறது, கரண்ட் தான் இல்லை. முந்தாநாள் ஒருவர் சொல்லி மெத்திலீன் புளூ ஊற்றினேன், தண்ணீர் இன்னும் நீலம். உப்பு போடலாமா, எவ்வளவு? எல்லாப் பூச்சிக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறதா?

கெளுத்தி_மோல்மேன்

ஒரே மருந்து கிடையாது தம்பி. நீங்கள் எழுதியதில் குறைந்தது மூன்று தனித்தனி சங்கதி இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் எது கொன்றது என்றுகூடத் தெரியாது. முதலில் தண்ணீர், அடுத்து வெள்ளைப் புள்ளி என்கிற ஒட்டுண்ணி நோய், புழுவெல்லாம் அதற்கப்புறம். புள்ளி ஒரு வாரத்தில் தொட்டியையே காலி செய்துவிடும். புழு மாதக்கணக்கில் அரிக்கும், அதற்கு அவசரம் இல்லை.

மெத்திலீன் புளூவை எடுத்துவிடுங்கள். பாதித் தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் புதுக் கரி போட்டால் ஒரு நாளில் நீலம் போகும். அது முட்டைக்கும் வெறும் பாத்திரத்தில் குளியலுக்கும் சரி. மணல் போட்ட தொட்டியில் பாதி மருந்தை மணலும் கட்டையும் உறிஞ்சிக்கொள்ளும், மீதி ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத் தின்றுவிடும். அப்புறம் அம்மோனியா ஏறும். மேலே நின்று மூச்சு வாங்கும் இரண்டுக்கும் செவுளில் ஒட்டுண்ணியா, அம்மோனியாவா என்று சோதனைத் துளி போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. அம்மோனியாவோடு பிஎச்சையும் பாருங்கள். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது நூற்றுக்கு 1 பங்குக்கும் கீழே, பிஎச் 8 என்றால் 5 பங்குக்கு மேல். ஒரே அளவு நிறம், ஒரு தொட்டியில் தாங்கும், இன்னொன்றில் கொல்லும்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரை இறைத்த கையோடு ஊற்றாதீர்கள். நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது, கார்பன் டை ஆக்சைடு கரைந்து கிடக்கும். அந்தத் துரு வாடை இரும்பு. காற்றுப் பட்டதும் பழுப்புத் தூளாகப் பிரிந்து செவுளில் படியும். பீப்பாயில் காற்றுக்கல் போட்டு 24 மணி நேரம் ஓட்டி, அடியில் படிந்ததைத் தொடாமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

அடுத்து கொள்ளளவு. மருந்தில் பாதி தப்பு இங்கேதான் நடக்கிறது. 200 என்பது வெறும் தொட்டியின் வெளியளவு. நீங்கள் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பியிருக்க மாட்டீர்கள். உயரம் 42 சென்டிமீட்டர் என்று வைத்தால் 90 × 45 × 42 = 170,100 கன சென்டிமீட்டர், அதாவது 170 லிட்டர். மணலும் கட்டையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 155 வரும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நான் 155 என்றே கணக்குப் போடுகிறேன்.

உப்பு: லிட்டருக்கு 2 கிராம், மொத்தம் 310 கிராம். வாசனை, மசாலா கலக்காத சாதாரண உப்பு போதும். கடையில் வீசைக் கணக்கில் நிறுப்பதால் சொல்கிறேன், இங்கே வீசை 1.63 கிலோ, 310 கிராம் என்பது நூறில் 19 பங்கு. கால் வீசை வாங்கி அப்படியே கொட்டினால் 408 கிராம், லிட்டருக்கு 2.6 ஆகிவிடும். (நம் தாத்தாமார் சொன்ன மதராஸ் வீசை 1.4 கிலோ சொச்சம். அந்தக் கணக்கை இதில் கலக்கவேண்டாம்.) மூன்று பாகமாக, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து ஊற்றுங்கள். உப்புக்கல் மணலில் விழுந்தால் லோச் அதன் மேலேயே போய்ப் படுக்கும். செதில் மிக நுண்ணியது, தோல் வெந்துபோகும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. மாற்றும் தண்ணீருக்கு மட்டும் உப்பு: 40 லிட்டர் மாற்றினால் 80 கிராம்.

சேற்று_விரால்

உப்பெல்லாம் எதற்கு? 32 டிகிரிக்கு ஏற்றி பத்து நாள் வையுங்கள். வெள்ளைப் புள்ளி அந்தச் சூட்டில் பெருகாது. லோச் சூடு தாங்கும்.

கெளுத்தி_மோல்மேன்

லோச் தாங்கும், கேலக்ஸி? அது ஷான் மலையில் ஹோபோங் பக்கம், 1,000 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த குட்டைகளில் பிறந்த மீன். 2007இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வந்தது. அதைப் பத்து நாள் 32இல் வைப்பது வைத்தியமா, வதையா? அதோடு, ஏற்றினால் மட்டும் போதாது, அங்கேயே நிற்க வேண்டும். கரண்ட் நாலு மணி நேரம் இல்லாவிட்டால் 32 என்பது 26 ஆகி, மறுபடி 32 ஆகும். இந்த ஏற்ற இறக்கம்தானே மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து நோயை இழுத்து வந்தது. விடியக்காலை 21, மத்தியானம் 27 என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா?

ஆக்சிஜன் வேறு. 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிடிக்கும், 30இல் 7.6தான். செவுள் அடைத்த மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

சேற்று_விரால்

கேலக்ஸியைக் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். லோச் மட்டும் என்றால், கரண்ட் நிலையாக இருந்தால், இப்போதும் சூடுதான் என் கட்சி.

நுண்ணாடி

இது வெள்ளைப் புள்ளிதானா என்று யாரும் கேட்கவில்லையே. தாம்வே, அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தனித்தனியாக எண்ண முடிகிற, ஒரே அளவான ரவைமணி என்றால் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் தூள் தூவியது போலப் பொன்னிறப் பூச்சாகத் தெரிந்தால் வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய், அதற்கு மருந்து வேறு. கண்ணிலும் துடுப்பு ஓரத்திலும் மேலே துருத்தி, பஞ்சு போல, அளவு ஒழுங்கில்லாமல் இருந்தால் எபிஸ்டைலிஸ் என்கிற நுண்ணுயிர். அது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர், பாக்டீரியாவோடு சேர்ந்து வருவது, அதற்குச் சூட்டை ஏற்றினால் பாக்டீரியா கொண்டாடும். இந்தக் குழப்பத்தாலேயே சூட்டு வைத்தியத்தை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை.

பள்ளிக்கூட நுண்ணோக்கி கிடைத்தால் போதும். 10 மடங்கு கண்வில்லையோடு 4, 10 பொருள்வில்லை, அதாவது 40 மடங்கும் 100 மடங்கும். எடுக்கும் முறை: கையை நனைத்து, ஈரத் துணியில் மீனை மெதுவாகப் பிடியுங்கள். மூடுகண்ணாடியின் ஓரத்தைப் பக்கத்துடுப்புக்குப் பின்னால் வைத்து, தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. எதிர்ப்பக்கம் இழுத்தால் செதில் பெயரும். அழுத்தவும் வேண்டாம், கண்ணாடியில் வழவழப்பு படிந்தால் போதும். கண்ணாடித்துண்டில் தொட்டித் தண்ணீர் ஒரு துளி விட்டு அதன் மேல் கவிழ்த்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் உயிரினம் செத்துப்போகலாம், வெறும் சளிதான் தெரியும். பத்து நிமிடத்துக்குள் பாருங்கள். சின்னக் கேலக்ஸியை இதற்குப் பிடிக்காதீர்கள், லோச் ஒன்று போதும். குபோத்தாய்க்குக் கண்ணுக்குக் கீழே நிமிரும் முள் உண்டு, வலையில் மாட்டினால் வலையை வெட்டுங்கள், மீனை இழுக்காதீர்கள்.

செத்த மீனைப் பார்ப்பதானால் செத்த கையோடு பார்க்க வேண்டும். உடல் ஆறினால் ஒட்டுண்ணி கிளம்பிவிடும். காலையில் கண்டெடுத்த மீனில் ஒன்றுமில்லை என்றால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

தாம்வே_தொட்டி

பார்த்துவிட்டேன். அம்மோனியா 0.5, பிஎச் 7.2. பாதித் தண்ணீர் மாற்றி, கரி போட்டாச்சு.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நுண்ணோக்கி, 40 மடங்கு. கறுப்பாக உருண்டையாக ஒன்று மெதுவாகப் புரள்கிறது, உள்ளே வெளுப்பாக லாடம் மாதிரி வளைவு. இன்னொரு இடத்தில் நீளமான ஒன்று, ஒரு முனையை ஊன்றிக்கொண்டு அட்டை போல நீள்கிறது, சுருங்குகிறது. 100 மடங்கில் ஊன்றிய முனையில் கொக்கி தெரிகிறது. கண் புள்ளி எதுவும் இல்லை. வயிற்றுக்குள்ளே இன்னொரு ஜோடிக் கொக்கி!

டார்ச் அடித்ததில் பொன்னிறம் இல்லை, மணிமணியாகத்தான்.

நுண்ணாடி

லாடம் தெரிந்த பிறகு சந்தேகமே இல்லை, வெள்ளைப் புள்ளி. அந்த வளைவு அதன் பெரிய உட்கரு. மற்றது தோல் தட்டைப்புழு, கைரோடாக்டைலஸ். உள்ளே தெரிந்த கொக்கி அதன் குட்டி, இது முட்டை போடாது, குட்டி போடும். தலைப்பக்கம் நாலு கண்புள்ளியோடு இருந்தால் டாக்டைலோகைரஸ், அது முட்டை போடும் செவுள் புழு. இரண்டில் எது என்பதில்தான் எத்தனை முறை மருந்து என்பது இருக்கிறது.

கெளுத்தி_மோல்மேன்

நல்ல வேலை தம்பி.

இப்போது புள்ளி. நீங்கள் பார்க்கும் வெள்ளை மணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. எந்த மருந்தும், எந்த உப்பும் அதைத் தொடாது. பழுத்ததும் அது கீழே விழுந்து, மணலில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்திக் கிளம்பி இரண்டு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் நேரத்தில் மட்டும். ஆகவே இரண்டாம் நாள் புள்ளி கூடினால் பதறி அளவைக் கூட்டாதீர்கள். ஏற்கெனவே உள்ளே புகுந்தது பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தினமும் மணலை உறிஞ்சுகுழாயால் இழுங்கள், லோச் படுக்கும் மூலையை முக்கியமாக. விழுந்த கூட்டில் பாதியை வாளியிலேயே பிடித்துவிடலாம். மருந்தைவிட இதுதான் அதிகம் வேலை செய்யும், முதுகு வலிக்கும் என்பதால் யாரும் செய்வதில்லை.

சூடு: 27, 28இல் நிறுத்தப் பாருங்கள். மூன்று பக்கமும் அடியிலும் தெர்மோகோல், மேலே மூடி, ராத்திரி கம்பளி. 155 லிட்டர் தண்ணீர் சீக்கிரம் ஆறாது, கரண்ட் இருக்கும்போது ஹீட்டர் ஈடுகட்டும். பேட்டரி காற்றுப் பம்பு கட்டாயம் வேண்டும், கம்பளி போர்த்தினால் காற்றுக் குழாய்க்கு வழி விட மறக்காதீர்கள். 25 டிகிரியில் ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் பிடிக்கும், 28இல் அதில் பாதி. கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் ஏழு நாள் உப்பை விட்டு வையுங்கள். பத்தில் எட்டுப் பேர் புள்ளி போன மறுநாளே தண்ணீரை மாற்றிவிட்டு, மூன்றாம் வாரம் மருந்து சரியில்லை என்று திட்டுகிறார்கள்.

ஐந்தாம் நாளும் புதுப்புள்ளி குறையாவிட்டால் உப்பை 3 கிராமுக்கு ஏற்றலாம். அதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன், துத்தநாகம் கலக்காத ஆக்சலேட் வகை. 1 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம். சாதாரண மீனுக்கு 10 லிட்டருக்கு 1 மில்லி, லோச்சுக்கு அதில் பாதி. உங்களுக்கு 155 லிட்டருக்கு 8 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் கால்வாசித் தண்ணீர் மாற்றம். ஃபில்டர் கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தைக் கரிக்குத்தான் ஊட்டுகிறீர்கள். கையுறை போடுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள், சமையல் பாத்திரம் தொடக்கூடாது. சாப்பிடும் மீனுக்கு இது பல நாட்டில் தடை செய்த சரக்கு.

பெகு_அல்லி

புழுப் பகுதி நான் சொல்கிறேன். புள்ளி முழுக்கப் போய் ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள்.

சிவப்பு நூல் கமல்லானஸ், உருளைப்புழு. குடிப்பது மீனின் ரத்தம், அதனால்தான் அந்தச் சிவப்பு. இடுக்கி வைத்து இழுக்காதீர்கள், வாயால் குடல் சுவரைக் கவ்வியிருக்கும், குடலும் சேர்ந்து வரும். வெளியே நூல் தெரிவது ஒரு மீனில் என்றாலும் எல்லா மீனுக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மில்லிகிராம். உங்களுக்கு 310 மில்லிகிராம். கோழி, பன்றிக்குத் தண்ணீரில் கலக்கும் தூளாகக் கிடைக்கும். பொட்டலத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் நிறுக்கவே கூடாது: 10 சதவீதத் தூள் என்றால் 3.1 கிராம் வேண்டும், சுத்தமான தூள் என்றால் 0.31 கிராம். ஊசிமருந்தைத் தண்ணீரில் ஊற்றாதீர்கள், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். விளக்கை அணைத்து, தொட்டியை மூடி 24 மணி நேரம் விடுங்கள், வெளிச்சத்தில் மருந்து கெடும்.

இது புழுவைக் கொல்வதில்லை, முடக்குகிறது. பிடி விட்ட புழு வெளியே விழும், அதை இன்னொரு மீன் விழுங்கும் முன் மணலை இழுத்து பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டிலிருந்து மூன்று வாரத்தில் திரும்ப ஒருமுறை, முதல் தடவை தப்பிய குஞ்சுகளுக்காக.

தட்டைப்புழுவுக்கு பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 600 மில்லிகிராம் மாத்திரை 240 லிட்டருக்குச் சரி, உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கை விடக் கொஞ்சம் குறைவு. தண்ணீரில் கரையாது. நன்றாகப் பொடித்து 15 மில்லி குடிக்கிற வெள்ளைச் சாராயத்தில் ஊறவைத்து, குலுக்கி ஊற்றுங்கள். மெத்தில் கலந்த ஸ்பிரிட் கூடாது. சாராயத்தைத் தின்று பாக்டீரியா பெருகித் தண்ணீர் ஒரு நாள் பால் போல வெளுக்கும், காற்றைக் கூட்டி விடுங்கள். உங்களுடையது குட்டி போடும் வகை என்பதால் பெரும்பாலும் ஒரு தடவையில் அடங்கும். முட்டை போடும் வகையும் சேர்ந்திருந்தால் மருந்து முட்டையைத் தொடாது, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போட வேண்டும். ஒன்றை மாற்றிப் போடாதீர்கள்: பிராசிகுவாண்டல் சிவப்பு நூலை ஒன்றும் செய்யாது, லெவாமிசோலை நம்பித் தட்டைப்புழுவை விடவும் கூடாது.

தாம்வே_தொட்டி

நன்றி அக்கா. அந்த மெலிந்த லோச்?

பெகு_அல்லி

அதுதான் கஷ்டமான கேஸ். குபோத்தாய் அத்தரான் ஆற்றுப் பக்கத்து மீன், 2004இல் பெயர் வைத்தது. ஆற்றில் பிடித்து வருவதுதான் அதிகம், கைமாறிக் கைமாறி வரும் வழியில் பட்டினி. மெலிவுக்குப் புழு காரணமாகலாம், குடலில் இருக்கும் ஸ்பைரோநியூக்ளியஸ் என்கிற நுண் ஒட்டுண்ணி காரணமாகலாம், வெறும் பட்டினியும் ஆகலாம். வெள்ளையாக நூல் போல மலம் போனால் உடனே ஒட்டுண்ணி என்று முடிவு கட்டாதீர்கள், வெறும் வயிற்றுக்கும் அப்படித்தான் போகும்.

தனியாக 30 லிட்டர் பெட்டியில், குழாய்த் துண்டு ஒன்று மறைவுக்குப் போட்டு வையுங்கள். அதே தொட்டியின் ஸ்பாஞ்சு ஃபில்டர் வேண்டும். தின்கிறது என்றால் மருந்து தீனியில்: 40 கிராம் தீனிக்கு 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரை ஒன்று. 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகர் காய்ச்சி, அரைத்த இறாலும் தீனியும் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மாத்திரைப் பொடியைக் கலந்து, தட்டில் ஊற்றி உறையவையுங்கள். பட்டாணி அளவு துண்டாக, விளக்கணைத்த பின், ஐந்து நாள். தின்னவில்லை என்றால் தண்ணீரில்: 60 லிட்டருக்கு ஒரு 400 மாத்திரை, உங்கள் பெட்டிக்கு அரை. தினம் கால்வாசி மாற்றி மறுபடி போட்டு ஐந்து நாள். சாக்கடைப் புழு கொடுக்க வேண்டாம், கழுவினாலும் வேண்டாம். ஒரு நாளில் நிறையப் போடாமல் சின்னதாக நாலு வேளை. முதுகில் சதை பிடிக்க ஒன்றரை மாதம்கூட ஆகும்.

நுண்ணாடி

அந்தப் பெட்டிக்கு வேறு வலை, வேறு வாளி. ஒரே வலைதான் என்றால் இரண்டு நாள் வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். ஈரம் இருக்கும் வரை புள்ளி அதில் பயணம் செய்யும்.